எபோனி அலர்ட் எதுக்கு தனியா? காணாமப் போற கறுப்பின, பூர்வகுடிப் பெண்களுக்காக அமெரிக்க அரசு செஞ்சதும் செய்யாததும்

கேள்வி இதுதான்: கலிஃபோர்னியாவுல காணாமப் போற கறுப்பினப் பொண்ணுங்களுக்குன்னு எபோனி அலர்ட்னு ஒண்ணு கொண்டு வந்திருக்காங்களே, குழந்தையக் கடத்திட்டா எல்லார் ஃபோனுக்கும் எச்சரிக்கை வர்ற ஆம்பர் அலர்ட் ஏற்கனவே எல்லாக் குழந்தைக்கும் இருக்கு, அப்புறம் நிறம் பாத்து எதுக்கு இன்னொண்ணு, இதெல்லாம் ஓட்டுக்காகத்தானே, உருப்படியா அரசாங்கம் ஏதாவது செஞ்சிருக்கா?

நியாயமான கேள்விதான். கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா பாதி சொன்னா தப்பாப் புரிஞ்சுடும்.

ஆம்பர் அலர்ட் எல்லாருக்கும் பொதுதான், சட்டத்துல எங்கயும் நிறம் பத்தி பேச்சே கிடையாது. ஆனா அந்த அலர்ட் உங்க ஃபோன்ல அலறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல உக்காந்திருக்கற ஒருத்தர் ஒரு முடிவு எடுத்தாகணும்: இந்தப் பொண்ணை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்களா, இல்ல அவளே வீட்ட விட்டுக் கெளம்பிட்டாளா? முதல் பதில்னா ஹெலிகாப்டர் வரைக்கும் வரும், ரெண்டாவதுன்னா ஒரு ஃபாரம் ரொப்பி "ஃப்ரெண்ட்ஸ் வீட்ல பாருங்க, ரெண்டு நாள்ல வந்துடுவா"ன்னு அம்மாவ அனுப்பி வச்சுடுவாங்க. நிறம் உள்ள வர்ற இடம் இதுதான். சட்டப் புத்தகத்துல தேடினா கிடைக்காது, அந்த மேஜையிலதான் கிடைக்கும்.

மொதல்ல கணக்க பாத்துடுவோம். எஃப்பிஐ நடத்தற என்சிஐசிங்கற தேசியக் குற்றத் தகவல் மையத்துலதான் நாடு முழுக்க காணாமப் போனவங்க பேரு ஏறும். 2022ல மட்டும் பெண்கள், சிறுமிகள் சம்பந்தமா ஏறின பதிவு சுமார் 2,71,000, அதுல கறுப்பினத்தவங்க கிட்டத்தட்ட 98,000, அதாவது 36 சதவீதம். நாட்டுப் பெண்கள் தொகையில அவங்க 14 சதவீதம்தான். சிகாகோவுல நிலைமை இன்னும் மோசம், அங்க 10 வயசுலேருந்து 20 வயசு வரைக்கும் உள்ள கறுப்பினச் சிறுமிகள் ஊர் ஜனத்தொகையில 2 சதவீதம், ஆனா காணாமப் போன புகார்கள்ல சுமார் 30 சதவீதம் அவங்களோடது, பத்திரிகையாளர்கள் வருஷக்கணக்கா போலீஸ் பதிவுகள தோண்டி எடுத்துதான் இது வெளிய வந்துச்சு, அதுக்கு 2024ல புலிட்சர் பரிசும் கிடைச்சுது. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், இந்த 98,000 பேருல பெரும்பாலானவங்க திரும்பி வந்துடுவாங்க, என்சிஐசி கணக்கு வருஷத்துல ஏறின பதிவுகளச் சொல்லுது, ஒரே பொண்ணு மூணு தடவ போனா மூணு பதிவு. அதனால "ஒரு லட்சம் பேரக் காணோம்"னு வாட்ஸ்ஆப்ல சுத்தற மாதிரி எடுத்துக்காதீங்க. ஆனா விகிதம் பொய் சொல்லாது, ஜனத்தொகையில 14 சதவீதம், பதிவுல 36 சதவீதம்னா எங்கயோ பெரிய ஓட்டை இருக்குன்னு அர்த்தம்.

இதே கணக்குல இன்னொரு கூத்து உண்டு, என்சிஐசி இனப் பட்டியல்ல லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்குன்னு தனிக் கட்டமே கிடையாது, அவங்கள்ல பெரும்பாலானவங்க "வெள்ளையர்" கட்டத்துக்குள்ள போயிடுவாங்க. அந்தப் பெண்கள் எத்தனை பேரு காணாமப் போறாங்கன்னு கேட்டா தேசிய அளவுல உருப்படியான பதில் வராது. எண்ணவே இல்லைன்னா யாருக்கு என்ன திட்டம் போடுவீங்க?

இப்போ ஆம்பர் அலர்ட்டுக்கு வருவோம். 1996ல டெக்சஸ் ஆர்லிங்டன்ல ஆம்பர் ஹேகர்மேன்ங்கற 9 வயசுக் குழந்தை சைக்கிள் ஓட்டிட்டிருந்தப்ப கடத்திக் கொல்லப்பட்டதுக்கு அப்புறம் வந்த ஏற்பாடு, 2003ல நாடு முழுக்க ஒருங்கிணைச்சாங்க. மத்திய அரசோட நீதித்துறை சொல்ற வரம்பு என்னன்னா, குழந்தைக்கு 17 வயசோ அதுக்குக் கீழயோ இருக்கணும், கடத்தல்னு நம்பறதுக்கு ஆதாரம் இருக்கணும், உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருக்கணும், வண்டி நம்பர், ஆள் அடையாளம்னு ஜனங்களுக்குச் சொல்றதுக்கு விவரம் இருக்கணும், என்சிஐசில ஏத்தியிருக்கணும். பாத்தா நல்லாதான் இருக்கு. ஆனா கடத்தல்னு நம்பினாத்தான் கதவு தெறக்கும், வீட்ட விட்டு ஓடிட்டான்னு, அங்க ரன்அவேன்னு சொல்ற அந்த முத்திரை குத்திட்டா கதவு சாத்திக்கும். கறுப்பினச் சிறுமிங்க மேல அந்த முத்திரை சட்டுனு விழுதுன்னு குடும்பங்களும் அவங்களுக்காக வேலை செய்யற அமைப்புகளும் பல வருஷமா கத்திட்டிருக்காங்க.

சரி, ஓடிப்போனவதான்னே வச்சுக்குவோம். ஓடிப்போனா பத்திரமா இருக்கான்னு அர்த்தமா? காணாமப் போன குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்கு வர்ற ஓடிப்போன பிள்ளைகள் கேஸ்ல ஆறு ஏழு பேருல ஒருத்தர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்னு அவங்களே சொல்றாங்க. அதுலயும் ஃபாஸ்டர் கேர்ல, அதாவது பெத்தவங்ககிட்டேருந்து அரசாங்கமே பொறுப்பெடுத்து வேற வீட்ல வளக்கற குழந்தைங்கள்ல கறுப்பினப் பிள்ளைங்க விகிதம் அதிகம், அங்கேருந்து ஓடற பிள்ளைய தேடறதுக்கு அழுதுகிட்டு ஸ்டேஷனுக்கு வர்ற அம்மாவும் பக்கத்துல இருக்க மாட்டாங்க. 2014ல ஒரு சட்டம் போட்டாங்க, ஃபாஸ்டர் கேர் பிள்ளை காணாமப் போனா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸுக்கும் அந்த தேசிய மையத்துக்கும் சொல்லணும்னு. அப்புறம் சுகாதாரத்துறையோட தணிக்கை அதிகாரிங்க சாம்பிள் எடுத்துப் பாத்தா, 2018லேருந்து 2020 வரைக்குமான கேஸ்கள்ல கிட்டத்தட்ட பாதி அந்த மையத்துக்குப் போகவே இல்ல. பிள்ளைக்குக் காப்பாளரே அரசாங்கம், பிள்ளையக் காணோம்னு புகார் குடுக்காததும் அதே அரசாங்கம். இத படிக்கும்போது எனக்கு வர்ற கோபம் வேற எதுலயும் வரல.

இதெல்லாம் எப்போ பொது வெளிக்கு வந்துச்சுன்னா, 2017 மார்ச்சுல வாஷிங்டன் டிசியில. அங்க போலீஸ்ல புதுசா பொறுப்புக்கு வந்த ஒரு பெண் கமாண்டர் காணாமப் போற ஒவ்வொரு சின்னப் பிள்ளையோட ஃபோட்டோவையும் ட்விட்டர்ல போடச் சொன்னாங்க, வரிசையா கறுப்பின, லத்தீன் சிறுமிங்க முகமா வர ஆரம்பிச்சதும் ஊரே கொந்தளிச்சிடுச்சு. "24 மணி நேரத்துல 14 பொண்ணுங்க காணோம்"னு ஒரு பொய்ச் செய்தியும் கூடவே பரவுச்சு. போலீஸ் என்ன சொன்னாங்கன்னா, எண்ணிக்கை கூடல, நாங்க காட்ட ஆரம்பிச்சதுதான் புதுசுன்னாங்க, அந்த வருஷம் மார்ச் வரைக்கும் சுமார் 500 சின்ன வயசுக் கேஸ், இருபத்திச் சொச்சம் பேரத் தவிர எல்லாரும் கிடைச்சுட்டாங்கன்னாங்க. கணக்கு சரிதான், ஆனா ஜனங்களோட கோபமும் சரிதான், ஏன்னா அவ்ளோ நாளும் இந்த முகங்கள யாருமே பாக்கல. மேயர் பவுசர் கூடுதல் அதிகாரிங்க, ஒரு பணிக்குழு, ஓடிப்போற பிள்ளைங்களுக்கு உதவற அமைப்புகளுக்குக் காசுன்னு சில நடவடிக்கைகள அறிவிச்சாங்க. ஒரே ஒரு அதிகாரி ஃபோட்டோ போடச் சொன்னதுதான் இத்தனைக்கும் ஆரம்பம், புதுச் சட்டம் எதுவும் தேவைப்படல.

காட்டாம விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு ரெண்டு ஊர் சொல்றேன். கிளீவ்லேண்ட்ல இம்பீரியல் அவென்யூன்னு ஒரு தெரு, அங்க வருஷக்கணக்கா ஒரே நாத்தம். பக்கத்துல சாசேஜ் செய்யற ஒரு சின்னக் கம்பெனி இருந்துச்சு, எல்லாரும் அதத்தான் திட்டினாங்க, அவங்களும் சாக்கடைக் குழாய் எல்லாம் மாத்திப் பாத்தாங்க, நாத்தம் போகல. 2009 கடைசியில அடுத்த வீட்டுக்குள்ள போலீஸ் போனப்போ அந்த வீட்லயும் கொல்லையிலயும் 11 கறுப்பினப் பெண்களோட உடல்கள். பல குடும்பங்கள் ஏற்கனவே தேடி அலைஞ்சவங்கதான், "போதைப் பழக்கம் இருக்கறவதானே, வந்துடுவா"ன்னு பதில் வாங்கிட்டு வந்தவங்களும் அதுல உண்டு. அதுக்கு அப்புறம்தான் மேயர் ஒரு கமிஷன் போட்டு, காணாமப் போனவங்க புகார எப்படி வாங்கணும்ங்கறதுலேருந்து ஆரம்பிச்சுத் திருத்தங்கள் சொன்னாங்க.

ரெண்டாவது கேன்சஸ் சிட்டி. 2022 செப்டம்பர்ல ப்ராஸ்பெக்ட் அவென்யூ பக்கம் கறுப்பினப் பெண்கள் காணாமப் போறாங்கன்னு அங்க உள்ள ஜனங்களும் ஒரு உள்ளூர் கறுப்பினப் பத்திரிகையும் சொல்ல, போலீஸ் அது முழுக்க ஆதாரமில்லாத வதந்தின்னு அறிக்கை விட்டாங்க. அக்டோபர் 7ஆம் தேதி காலையில கொஞ்சம் தள்ளி எக்செல்சியர் ஸ்பிரிங்ஸ்ங்கற ஊர்ல 22 வயசுக் கறுப்பினப் பொண்ணு ஒருத்தி கழுத்துல இரும்புப் பட்டையோட ஒரு வீட்டு நிலவறையிலேருந்து தப்பிச்சு வந்து அக்கம்பக்கத்துக் கதவத் தட்டினா. ஒரு மாசமா ஒருத்தன் அடைச்சு வச்சிருந்தான்னும், தன்ன ஏத்திட்டுப் போனது அதே ப்ராஸ்பெக்ட் அவென்யூவுலதான்னும் சொன்னா. வதந்தின்னு சொன்ன நாளும் இவ அடைபட்டுக் கெடந்த நாளும் ஒண்ணா ஓடியிருக்கு.

இப்போ உங்க எபோனி அலர்ட். ஆம்பர் 17 வயசோட முடிஞ்சிடுது, சில்வர் அலர்ட் வயசானவங்களுக்கு. நடுவுல இருக்கறவங்களுக்கு? 2017ல வர்ஜீனியாவுல கடற்படைத் தளத்துக்குள்ள இருந்த ஒரு கடையில வேலை பாத்த ஆஷாண்டி பில்லிங்கற 19 வயசுக் கறுப்பினப் பொண்ணு கடத்தப்பட்டா, ஆம்பருக்கு வயசு தாண்டிடுச்சு, சில்வருக்கு வயசு எட்டல, எந்த அலர்ட்டும் இல்ல, சில நாள் கழிச்சு நார்த் கரோலினா சார்லட்ல உடல்தான் கிடைச்சுது. அவளோட அப்பா அம்மா விடாம அலைஞ்சு, 2018 கடைசி நாள்ல ஆஷாண்டி அலர்ட் சட்டம் கையெழுத்தாச்சு, 18லேருந்து 64 வயசு வரைக்கும். நல்ல சட்டம், ஆனா மாநிலங்கள் இஷ்டப்பட்டாத்தான் சேரலாம்னு எழுதிட்டாங்க, அதனால ஒரு மாநிலத்துல வேலை செய்யும், எல்லை தாண்டினா செய்யாது.

கலிஃபோர்னியாவுல மாநில செனட்டர் ஸ்டீவன் பிராட்ஃபோர்ட் கொண்டு வந்த மசோதா 2023 அக்டோபர்ல கவர்னர் நியூசம் கையெழுத்துப் போட்டு, 2024 ஜனவரி 1லேருந்து அமலுக்கு வந்துச்சு, அதுதான் எபோனி அலர்ட். 12லேருந்து 25 வயசு வரைக்கும் உள்ள கறுப்பின இளம் வயசுக்காரங்களுக்கு. இதுல வயச விட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு, கடத்தல்னு நிரூபிக்க வேண்டாம். சந்தேகத்துக்குரிய, விளக்கம் இல்லாத சூழ்நிலையில காணாமப் போயிருந்தா, ஆபத்துல இருக்கலாம்னு தோணுச்சுன்னா, கடத்திப் பாலியல் தொழில்ல தள்ளியிருக்கலாம்னு சந்தேகம் இருந்தா உள்ளூர் போலீஸ் கேக்கலாம், கலிஃபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸ் அலர்ட்ட வெளியிடும். அதாவது மேல சொன்ன அந்த மேஜையில "ஓடிட்டா"ங்கற ஒரு வார்த்தையால கேஸ் செத்துப்போகாம இருக்கறதுக்காக வச்ச கதவு இது. அதனால ஓட்டுக்குங்கற வாதத்த நான் ஒத்துக்கல.

ஆனா குறையும் சொல்லணும். உள்ளூர் போலீஸ் கேட்டாத்தான் இது நடக்கும், அந்த உள்ளூர் போலீஸேதான் முதல்ல முத்திரை குத்தினவங்க. நெடுஞ்சாலைப் போலீஸ் பரிசீலிச்சு வேண்டாம்னும் சொல்லலாம். இதுக்கு முந்தின வருஷம், 2023 ஜனவரியில, பூர்வகுடி மக்களுக்காக அதே மாநிலத்துல ஃபெதர் அலர்ட் வந்துச்சு, முதல் வருஷம் கேட்ட அஞ்சுல ரெண்டுக்குத்தான் அனுமதி கிடைச்சுது. பூர்வகுடித் தலைவருங்க சத்தம் போட்ட பிறகு 2024ல சட்டத்தத் திருத்தி, பழங்குடி அமைப்புகளே நேரா நெடுஞ்சாலைப் போலீஸ்கிட்ட கேக்கலாம்னு வழி பண்ணாங்க. எபோனி அலர்ட்டுக்கும் அதே மாதிரி குடும்பமோ சமூக அமைப்போ நேரா தட்டக்கூடிய ஒரு கதவு வேணும்ங்கறது என் கருத்து. இன்னொரு நல்ல விஷயம், தேசிய அளவுல எஃப்சிசிங்கற தகவல் தொடர்பு ஆணையம் 2024 ஆகஸ்ட்ல டிவி, ரேடியோ, ஃபோனுக்கெல்லாம் பொதுவா காணாமப் போன, ஆபத்துல இருக்கறவங்களுக்குன்னே ஒரு தனி எச்சரிக்கைக் குறியீட்ட ஒத்துக்கிட்டாங்க, ஆம்பர் வரம்புக்குள்ள வராத எல்லாருக்கும் அது உதவும், அந்த முடிவுக்குப் பின்னாடி பூர்வகுடி மக்களோட அழுத்தம் நிறைய இருந்துச்சு.

இவ்ளோ அலர்ட் பத்தி சொன்னேன், ஆனா என்கிட்ட கேட்டா அலர்ட் இதுல சின்னப் பங்குதான். அலர்ட் போடறது அரசாங்கத்துக்குச் சுலபம், பேப்பர்ல ஃபோட்டோ வரும், செலவும் கம்மி. கஷ்டமான வேலை என்னன்னா, காணாமப் போய் ஆறு மாசம், ஆறு வருஷம் ஆன கேஸ கையில எடுத்து, குடும்பத்துக்கு ஃபோன் பண்ணி, எந்த டிடெக்டிவ்கிட்ட ஃபைல் தூங்குதுன்னு கண்டுபிடிச்சு எழுப்பறது. அதுக்கு சம்பளம் குடுத்து ஆள் வைக்கணும். அந்த வேலைய செஞ்ச மாநிலம் மினசோட்டா, அதனாலதான் அதப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும்.

மினசோட்டாவுல 2021ல காணாமப் போன, கொலையான பூர்வகுடி மக்களுக்காக ஒரு தனி அலுவலகம் ஆரம்பிச்சாங்க, நாட்டுலயே அந்த மாதிரி முதல் அலுவலகம். அதே வருஷம் கறுப்பினப் பெண்களுக்காக ஒரு பணிக்குழுவும் போட்டாங்க, மாநிலப் பிரதிநிதி ரூத் ரிச்சர்ட்சன் அதுக்காகப் போராடினவங்க. பணிக்குழு 2022 டிசம்பர்ல அறிக்கை குடுத்துச்சு. அங்க கறுப்பினப் பெண்கள் ஜனத்தொகையில 7 சதவீதம், வீட்டு வன்முறையில பாதிக்கப்பட்டவங்கள்ல 40 சதவீதம், வெள்ளையினப் பெண்கள விட கொலையாகற வாய்ப்பு கிட்டத்தட்ட மூணு மடங்கு. இந்த மாதிரி அறிக்கைங்க பொதுவா அலமாரிக்குத்தான் போகும், ஆனா இங்க 2023லயே சட்டமாகி, பொதுப் பாதுகாப்புத் துறைக்குள்ள காணாமப் போன, கொலையான கறுப்பினப் பெண்கள், சிறுமிகளுக்கான அலுவலகம்னு ஒண்ணு உருவாச்சு, நாட்டுலயே முதல், வருஷத்துக்கு சுமார் 12 லட்சம் டாலர் ஒதுக்கினாங்க.

அந்தச் சட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்தா புரியும், எழுதினவங்க குடும்பங்கள்கிட்ட உக்காந்து கேட்டிருக்காங்கன்னு. பழைய முடியாத கேஸ்கள மறுபடி எடுக்க வைக்கறது ஒண்ணு. தற்கொலைன்னோ போதை மருந்து அதிகமாகிச் செத்தான்னோ மருத்துவ அதிகாரி முடிச்சு வச்ச, ஆனா சந்தேகம் இருக்கற மரணங்கள மறுபடி பாக்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டாவது விஷயம் எவ்ளோ பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க, காணாமப் போனவ பொணமா கெடைச்சுட்டா கேஸ் முடிஞ்சுதுன்னு ஃபைல மூடிடுவாங்க, கூடவே "ஓவர்டோஸ்"னு ஒரு வார்த்தை, அதுக்கு மேல குடும்பம் யாருகிட்டப் போகும்? இப்போ போறதுக்கு ஒரு அலுவலகம், அதுல பேர் தெரிஞ்ச ஒரு ஆள். போலீஸுக்கும் குடும்பத்துக்கும் நடுவுல நின்னு பேசறது, போலீஸ் துறைகளுக்கு எப்படிப் புகார் வாங்கணும்னு வழிமுறை எழுதிக் குடுக்கறது, தங்க இடம் தர்ற அமைப்புகளோட சேந்து வேலை பாக்கறதுன்னு மத்த வேலைகளும் உண்டு. பூர்வகுடி அலுவலகம் பக்கம் துப்பு குடுக்கறவங்களுக்கு சன்மானம் தர ஒரு நிதியும் இருக்கு, அதுக்காகவே விசேஷ வண்டி நம்பர் பிளேட் விக்கறாங்க. இதுல பெருசா ஹீரோயிசம் எதுவும் கிடையாது, ஆனா நடக்கணும்னா இப்படித்தான் நடக்கும். விஸ்கான்சின்ல பக்கத்து மாநிலத்தப் பாத்து இதே மாதிரி பணிக்குழு கேட்டு மசோதா திரும்பத் திரும்பப் போச்சு, நிறைவேறாமலே நின்னுச்சு. இல்லினாய்ல சிகாகோ பெண்களுக்குன்னு ஒரு பணிக்குழு போட்டாங்க.

பூர்வகுடிப் பெண்கள் விஷயத்துல மத்திய அரசு கொஞ்சம் அதிகமாவே இறங்கியிருக்கு, ஏன்னா அங்க சட்டச் சிக்கலே மத்திய அரசு போட்ட முடிச்சு. பூர்வகுடி மக்களுக்குன்னு ஒதுக்கின ரிசர்வேஷன் நிலத்துல ஒரு பொண்ணு காணாமப் போனா யாரு தேடணும்? பழங்குடிப் போலீஸா, கவுன்டி ஷெரிஃபா, எஃப்பிஐயா? குற்றவாளி பூர்வகுடி ஆளா இல்லையா, நிலம் யாருது, எந்த மாநிலம்னு பாத்துதான் பதில். 1978ல உச்ச நீதிமன்றம் பூர்வகுடி அல்லாதவங்கள பழங்குடி நீதிமன்றம் தண்டிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. வெளியாள் ஒருத்தன் ரிசர்வேஷனுக்குள்ள வந்து ஒரு பொண்ண என்ன செஞ்சாலும் அந்த ஊர் போலீஸ், அந்த ஊர் கோர்ட்டு கையக் கட்டிட்டு நிக்கணும்ங்கற நிலைமை முப்பத்தஞ்சு வருஷம் இருந்துச்சு. 2013லயும் 2022லயும் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்தப் புதுப்பிச்சப்பதான் சில குற்றங்களுக்கு அந்த அதிகாரத்தத் திருப்பிக் குடுத்தாங்க. இதச் சொல்லாம பூர்வகுடிப் பெண்களுக்கு அரசு என்ன செஞ்சுதுன்னு பேசறதுல அர்த்தமே இல்ல.

தகவல் பக்கம் பாத்தா, சியாட்டில்ல இருக்கற நகர்ப்புறப் பூர்வகுடி சுகாதார நிறுவனம் 2018ல ஒரு அறிக்கை போட்டாங்க, 2016ல என்சிஐசில பூர்வகுடிப் பெண்கள், சிறுமிகள் காணோம்னு 5,712 புகார், நீதித்துறையோட இன்னொரு தகவல் தளமான நேம்அஸ்ல பதிவானது 116. ரெண்டும் ஒரே நீதித்துறைக் கூரைக்குக் கீழதான். அங்க எங்கயோ ஒரு பொணம் அடையாளம் தெரியாம கெடக்கும், இங்க ஒரு குடும்பம் தேடிட்டிருக்கும், ரெண்டையும் சேத்து வைக்கத்தான் நேம்அஸ் இருக்கு, பேரே ஏறலைன்னா எப்படிச் சேரும்? இத சரி பண்றதுக்குத்தான் சவானா சட்டம். நார்த் டக்கோட்டா ஃபார்கோவுல 2017ல 22 வயசுல, எட்டு மாசக் கர்ப்பத்தோட கொல்லப்பட்ட சவானா கிரேவிண்ட் பேர்ல வந்தது. முதல்ல கொண்டு வந்தவங்க செனட்டர் ஹைடி ஹைட்கேம்ப், 2018ல கீழ்சபையில நின்னு போச்சு, மறுபடி முயற்சி பண்ணி 2020 அக்டோபர்ல கையெழுத்தாச்சு. கூடவே நாட் இன்விசிபிள் சட்டமும். அது காங்கிரஸ்ல இருந்த நாலு பூர்வகுடி உறுப்பினர்கள் ரெண்டு கட்சியிலேருந்தும் சேந்து கொண்டு வந்தது, அதுல ஒருத்தரான டெப் ஹாலண்ட் உள்துறைச் செயலாளர் ஆனதும் 2021 ஏப்ரல்ல பூர்வகுடி விவகாரத் துறைக்குள்ள காணாமப் போனவங்க, கொலையானவங்க விசாரணைக்குன்னே ஒரு பிரிவு ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி டிரம்ப் முதல் ஆட்சியில 2019 நவம்பர்ல ஆபரேஷன் லேடி ஜஸ்டிஸ்னு ஒரு பணிக்குழு போட்டதையும் சொல்லியாகணும், இந்த விஷயத்துல ரெண்டு கட்சிக்கும் பங்கு இருக்கு.

ஆனா சட்டம் போட்டதும் நடந்துடுச்சான்னா, 2021 கடைசியில அரசாங்கத்தோட கணக்காய்வு அலுவலகமே பாத்துட்டு கெடு தாண்டியும் பல வேலை முடியல, நாட் இன்விசிபிள் சட்டப்படி அமைக்க வேண்டிய கமிஷனுக்கு ஆளே முழுசா போடலன்னு எழுதினாங்க. அப்புறம் கமிஷன் அமைஞ்சு 2023ல ஆங்கரேஜ், ஃபிளாக்ஸ்டாஃப், மினியாபொலிஸ், பில்லிங்ஸ்னு ஊர் ஊரா போய் 200க்கு மேற்பட்டவங்ககிட்ட, அதுல நிறைய பேர் பொண்ண, அக்காவ, அம்மாவப் பறிகொடுத்தவங்க, சாட்சியம் வாங்கி நவம்பர்ல அறிக்கை குடுத்தாங்க. 2025 ஆரம்பத்துல, டிரம்ப் ரெண்டாவது தடவ வந்த பிறகு, அந்த அறிக்கை நீதித்துறையோட இணையதளத்துலேருந்து எடுக்கப்பட்டுச்சு. அவ்ளோ பேரு எழுந்து நின்னு சொன்னத, அவங்களுக்காகவே போட்ட சட்டத்தின்படி எழுதின ஆவணத்த எடுத்துட்டாங்க. எந்த விளக்கம் சொன்னாலும் இத என்னால ஏத்துக்க முடியல.

கனடாவப் பத்தியும் சிலர் கேப்பீங்க. அங்க 2014ல தேசியப் போலீஸே 1980லேருந்து 2012 வரைக்கும் 1,181 பூர்வகுடிப் பெண்கள் கொலையானது, காணாமப் போனதுன்னு கணக்கு குடுத்தாங்க, 2016ல தேசிய விசாரணை ஆரம்பிச்சு 2019 ஜூன்ல 231 கோரிக்கைகளோட அறிக்கை வந்துச்சு. எனக்கு அதுல பிடிச்சது வேற ஒரு சின்ன விஷயம். பிரிட்டிஷ் கொலம்பியாவுல பிரின்ஸ் ஜார்ஜ்லேருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரைக்கும் போற 16ஆம் நெடுஞ்சாலைய கண்ணீர் நெடுஞ்சாலைன்னே சொல்வாங்க, 700 கிலோமீட்டருக்கு மேல, பஸ் இல்லாததால பொண்ணுங்க கையக் காட்டி லிஃப்ட் கேட்டுப் போவாங்க, அப்படிப் போனவங்கதான் பலர் காணாமப் போனது. பஸ் விடுங்கன்னு 2006லயே பரிந்துரை குடுத்தாங்க, பஸ் ஓட ஆரம்பிச்சது 2017ல. பதினோரு வருஷம், ஒரு பஸ்ஸுக்கு.

கேள்வில இருந்த "உருப்படியா" வார்த்தைக்கு வர்றேன். உருப்படியா நடந்தது உண்டு, ஆனா மாநிலத்துக்கு மாநிலம் ஏறுக்குமாறா. கறுப்பினப் பெண்களுக்குன்னு பாத்தா மத்திய அரசு ரொம்பக் கம்மியாத்தான் செஞ்சிருக்கு, 2022 மார்ச்சுல காங்கிரஸ் துணைக்குழு ஒண்ணு காணாமப் போற வெள்ளையரல்லாத பெண்கள் பத்தி விசாரணைக் கூட்டம் நடத்துச்சு, பேச்சு நல்லா இருந்துச்சு, சவானா சட்டம் மாதிரி ஒண்ணு அவங்களுக்கு இன்னும் வரல. பெரும்பாலான வேலைய 2008ல ரெண்டு பெண்கள், ஒருத்தர் முன்னாள் போலீஸ், இன்னொருத்தர் மக்கள் தொடர்புத் துறை, சேந்து ஆரம்பிச்ச பிளாக் அண்ட் மிஸ்ஸிங் ஃபவுண்டேஷன் மாதிரி அமைப்புகள்தான் தூக்கிச் சுமக்கறாங்க. அரசாங்கம் செய்ய வேண்டிய ஃபோன் காலெல்லாம் அவங்க செய்யறாங்க.

கடைசியா, அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கும் சேத்து ஒரு விஷயம், உங்க வீட்லயோ தெரிஞ்ச வீட்லயோ இப்படி ஒண்ணு நடந்தா 24 மணி நேரம் காத்திருக்கணும்ங்கறது பொய். 18 வயசுக்குக் கீழன்னா காத்திருக்கச் சொல்லக்கூடாதுன்னு 1990லேருந்தே மத்திய சட்டம் இருக்கு, 2003ல அத 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கும் நீட்டினாங்க, 2006லேருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள என்சிஐசில ஏத்தணும். ஸ்டேஷன்ல "வந்துடுவா"ன்னு சொன்னா கெளம்பி வந்துடாதீங்க, புகார் நம்பர் வாங்குங்க, என்சிஐசில ஏத்தியாச்சா, என்ன வகையில ஏத்தியிருக்கீங்க, ஓடிப்போனதாவா, ஆபத்துல இருக்கறதாவான்னு கேளுங்க, எழுதி வாங்குங்க. நேம்அஸ் தளத்துல குடும்பத்துக்காரங்களே பதிவு போடலாம், போலீஸ் சரிபாத்தப்புறம் ஏறும், டிஎன்ஏ சாம்பிள் குடுக்கறதுக்கும் அவங்ககிட்டயே வழி இருக்கு. நல்ல வெளிச்சத்துல எடுத்த, சமீபத்துல எடுத்த ஃபோட்டோ ஒண்ணு, உடம்புல உள்ள மச்சம், பச்சை குத்தினது, பல் கிளிப் மாதிரி அடையாளங்கள் எழுதின தாள் ஒண்ணு கையில இருக்கட்டும்.